பல்லவன் போனான், பஸ் போகவில்லை

1972-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்களைத் தொடங்கியபோது பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று பெயர் வைத்தார்கள். 1997-இல் பெயர்களை எடுத்துவிட்டார்கள். வண்டிகளில் சிலவற்றை எடுக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. மழை பெய்தால் டவுன் பஸ் பயணி குடையை மடக்கிக்கொண்டு ஏறுவார். உட்கார்ந்ததும் மறுபடி விரிப்பார். (ஒழுகும் கூரைக்குக் கீழே எழுத வள்ளுவர் 'வான்சிறப்பு' என்று ஓர் அதிகாரமே தந்திருக்கிறார்.)

2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், குறை சொல்ல மனம் வராது. காலை டிரிப் கட்டான நாளில் ஆண்களுக்கும் இலவசம்தான்: ஊரே நடக்கிறது. டைம் கீப்பரைக் கேட்டால் "வண்டி வரும்" என்பார். எந்த வண்டி, என்றைக்கு என்றெல்லாம் துருவுவது நாகரிகமில்லை.