வீட்டு ஆர்கேட் பெட்டியின் விலை: மூலபாட ஆய்வுக்கு ஒரு முன்னுரை

பாயிரம்

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் கராஜில், காரை வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு, சொந்தக் கையால் ஆர்கேட் பெட்டி செய்துகொள்ளும் பொழுதுபோக்கைப் பற்றி இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை. முனைவர் பட்ட ஆய்வேடு இந்த வாக்கியத்தோடு தொடங்க வேண்டும் என்பது மரபு, அதனால் எழுதினேன். நிகழ்ந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கவில்லை. அதுவும் மரபே.

ஆர்கேட் பெட்டி என்பது ஆளுயர மரப்பெட்டி. முகத்தில் திரை, இடுப்புயரத்தில் ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும், முழங்காலுக்கு நேரே காசு போடும் கதவு. 1978-இல் டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-இல் நாம்கோவின் பாக்-மேன், 1981-இல் நின்டெண்டோவின் டாங்கி காங் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஊரிலிருந்த சில்லறையை எல்லாம் உறிஞ்சியது இந்தப் பெட்டிதான். அன்று கையில் காசில்லாமல் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பையன்களுக்குப் பின்னாளில் வேலையும் வீடும் கராஜும் கிடைத்தன. 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா, பழைய ஆர்கேட் விளையாட்டுகளைச் சாதாரணக் கணினியில் ஓடவைக்கும் ‘மேம்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். அது இலவசம். இந்தக் கட்டுரையில் வரும் செலவு அத்தனைக்கும் மூலகாரணம் அந்த இலவசம்தான்.

பெட்டியைச் செய்பவரை இனி ‘கர்த்தா’ என்போம். கர்த்தா ஒருவரா பலரா என்று கேட்கலாம். ஔவையார் எத்தனை பேர் என்ற கேள்வியைத் தமிழறிஞர்கள் தீர்த்ததும் இதையும் தீர்ப்போம். அதுவரை பலரைக் கூட்டிச் செய்த ஒருவர் என்றே கொள்க.

பாடபேதம்

விலை என்ன என்று கேட்டால் கிடைப்பது ஒரு தொகை அன்று, பாடங்கள். முதலாவது இல்லப் பாடம்: ‘நானூறு டாலருக்குள் முடித்துவிட்டேன்.’ இரண்டாவது தோழர் பாடம்: ‘மரம் சும்மா கிடைத்தது, இருநூற்றைம்பதுக்கு மேல் போகவில்லை.’ இது சக கர்த்தாக்களிடம் மட்டும் வழங்குவது. சிக்கனத்தைக் காட்டிப் பொறாமை மூட்டுவது இதன் நோக்கம். மூன்றாவது, யாராவது ‘விற்பீர்களா?’ என்று கேட்டால் மட்டும் வெளிப்படும் சந்தைப் பாடம்: மூவாயிரம். மூன்றும் ஒரே வாயிலிருந்து, சில வேளை ஒரே மாலையில், வருபவை.

எழுதுபவன் சுலபமாக்கித்தான் கெடுப்பான், கடினமாக்கிக் கெடுக்க மாட்டான். ஆகவே இரண்டு பாடங்களில் ஏற்கச் சிரமமானதே மூத்தது என்பது சுவடி ஒப்பிடுவோர் விதி. இங்கும் அது செல்லும். கர்த்தாவுக்கு ஏற்கச் சிரமமானது ரசீதுகளைக் கூட்டி வரும் பாடம். அது ஏறத்தாழ 1,800 டாலர். அந்தப் பாடம் முழுமையாக எங்கும் கிடைக்கவில்லை. ஏடுகள் சிதைந்தும் ஒளித்துவைக்கப்பட்டும் உள்ளன.

நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை எழுதும்போது எங்கோ இருக்கும் சொல்லை எடுத்து எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் கண்டார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. கர்த்தா அதே முறையில் மார்ச் மாதச் செலவை எடுத்து வீட்டுப் பராமரிப்போடு கூட்டுகிறார். உரையாசிரியருக்காவது இலக்கண ஆதாரம் இருந்தது.

மரவியல்

பெட்டியின் உடல் எம்.டி.எஃப். எனும் அழுத்திய மரநார்ப் பலகை அல்லது பிளைவுட். நாலுக்கு எட்டு அடி, முக்கால் அங்குலக் கனம். முழு அளவுப் பெட்டிக்கு இரண்டு மூன்று பலகை பிடிக்கும். எம்.டி.எஃப். பலகை ஒன்றின் எடை சுமார் 45 கிலோ. காரில் ஏறாது, எனவே வாடகைக்கு லாரி. ‘மரம் சும்மா கிடைத்தது’ என்ற தோழர் பாடத்தில் இந்த லாரி இல்லை (ஹார்டுவேர்க் கடை ரசீது, வரி 4). பலகையின் ஓரத்தை மறைக்கும் பிளாஸ்டிக் பட்டைக்கு டி-மோல்டிங் என்று பெயர்; அதன் வால் நுழைய ஓரம் நெடுக மெல்லிய பள்ளம் வெட்ட வேண்டும். வெட்டும் கருவி ரௌட்டர். இணையம் தரும் ரௌட்டர் அன்று, மரம் குடையும் ரௌட்டர். அதன் விலை எங்கே எழுதப்பட்டுள்ளது என்பது ஒழிபியலில் வரும்.

கணினியியல்

பெட்டிக்குள் மேமை ஓட்டும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி 2012-இல் 35 டாலருக்கு வந்தது. 2023-இல் வந்த ஐந்தாம் தலைமுறையின் 8 ஜிபி வகைக்கு அறிமுக விலை 80 டாலர். சார்ஜரும் மெமரி கார்டும் விசிறியும் தனி. கர்த்தா இன்றும் ‘முப்பத்தைந்து டாலர் கணினி’ என்றே சொல்கிறார்.

சட்டவியல்

மேம் ஓட்டும் விளையாட்டுகளின் நகல்களான ரோம் கோப்புகள் எங்கிருந்து வந்தன என்பது பற்றிய இந்த இயல் வழக்கறிஞரின் ஆலோசனைப்படி நீக்கப்பட்டது.

பொத்தானியல்

சான்வா என்பது ஜப்பானியப் பொத்தான். அதற்கு 30 மில்லிமீட்டர் துளை வேண்டும். அமெரிக்கப் பொத்தானுக்கு ஒன்றேகால் அரைக்கால், மன்னிக்க, ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மில்லிமீட்டர். அமெரிக்கக் கடையில் கிடைப்பது அங்குலத் துரப்பணம். கர்த்தா அதில் பதினாறு துளை போட்டுவிட்டு, ஜப்பானியப் பொத்தானைக் கையில் எடுக்கிறார். நுழையவில்லை. வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். அரம் கொண்டு ராவுகிறார். எம்.டி.எஃப். மாவாக உதிர்கிறது, துளை வட்டமாகத் தொடங்கிக் கோழிமுட்டையாக முடிகிறது. புதுப் பலகை, 30 மில்லிமீட்டர் துரப்பணம், அதைத் தபாலில் விரைந்து அனுப்பும் கட்டணம் (ரசீது 9, பின்பக்கம், பென்சிலால் எழுதி அழித்த இடம், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்).

அடுத்தது எத்தனை பொத்தான் என்ற கேள்வி. பாக்-மேனுக்குப் பொத்தானே வேண்டாம். நான்கு திசை மட்டும் போகும் ஜாய்ஸ்டிக் ஒன்று போதும். 1991-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டுக்கு ஆளுக்கு ஆறு பொத்தானும் எட்டுத் திசையும் வேண்டும். 1981-இன் சென்டிபீடுக்கு உருட்டும் பந்து. அதே ஆண்டின் டெம்பெஸ்டுக்குச் சுழற்றும் குமிழ். 1982-இன் ரோபோட்ரானுக்கு ஒரே ஆளுக்கு இரண்டு ஜாய்ஸ்டிக், ஒன்று நடக்க, ஒன்று சுட. மேம் மென்பொருளில் எல்லா விளையாட்டும் ஓடும் என்பதால் பலகையில் எல்லாமும் இருக்க வேண்டும் என்று கர்த்தா கருதுகிறார். பலகை அகலமாகிறது. பெட்டியைவிட அகலமாகிறது. கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவைவிட அகலமாகிறது. கடைசியில் கர்த்தா ஆடுவது பாக்-மேன்.

காசுக்கதவியல்

இனி விரிவாகப் பார்க்க வேண்டிய பகுதி. ஏனைய இயல்கள் இதற்குத் தோரணவாயில்.

காசுக்கதவு கருப்பு இரும்புச் சட்டம். இரண்டு துவாரம், உள்ளே பல்பு வைத்த இரண்டு சிவப்புப் பொத்தான்கள், அவற்றில் 25 சென்ட் என்ற எழுத்து, ஒரு பூட்டு, சாவி. நூறு டாலருக்கு முன்பின். தன் வீட்டில், தன் பெட்டியில், தானே ஆட, கர்த்தாவுக்கு இது எதற்கு?

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். காசு துவாரத்தில் விழுகிறது. அளவும் எடையும் சரியா என்று ஒரு பொறி சோதிக்கிறது. தேறிய காசு சரிந்து இறங்கும் வழியில் மீசை போன்ற மெல்லிய கம்பியைத் தட்டுகிறது. கம்பி ஒரு மைக்ரோ சுவிட்சை அழுத்துகிறது. ‘டிக்’. சுவிட்ச் கணினிக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. கீபோர்டில் 5 என்ற எண்ணை யாரோ அழுத்திவிட்டார்கள் என்பதே அந்தச் செய்தி. மேம் மென்பொருளில் காசு போட்டதற்கு அடையாளம் 5. நூறு டாலர் இரும்பும் பல்பும் பூட்டும் சேர்ந்து செய்யும் பணி இவ்வளவே. பரணில் கிடக்கும் பழைய கீபோர்டு இதை இலவசமாகச் செய்யும். ஆனால் அதில் ‘டிக்’ இல்லை.

கதவுக்கு நியாயம் கற்பிப்போர் இரு அணி. ‘அது இல்லாவிட்டால் பெட்டி அலமாரி போலிருக்கும்’ என்பது அலங்கார அணி. இவர்கள் கதவை ஒட்டிவிட்டுக் கம்பி இணைப்பதில்லை; நேர்மையானவர்கள், ஆகையால் இவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வருவாய் அணியின் வாதம் நுட்பமானது. ஆட்டத்துக்கு 25 சென்ட். செலவு 1,800 டாலர். எனவே 7,200 ஆட்டத்தில் முதல் திரும்பிவிடும் (சமையலறைக் காலண்டர், மே மாதத் தாளின் பின்புறம், இதே தாளில் பல் மருத்துவரின் எண்ணும் உள்ளது, இரண்டு கையெழுத்தும் ஒருவருடையவை அல்ல என்பது என் துணிபு). காசு போடுபவர் யார்? கர்த்தா. எந்தப் பையிலிருந்து? கர்த்தாவின் பையிலிருந்து. பூட்டைத் திறந்து எடுப்பவர்? கர்த்தா. எடுத்த காசை எதற்குப் பயன்படுத்துகிறார்? மறுபடி போட. ஒரே கால் டாலர் வெள்ளிக்கிழமை இரவெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து ஐந்து டாலர் வருவாய் ஈட்டுகிறது. பொருளாதார அறிஞர்கள் இதை வளர்ச்சி என்பார்கள்.

கதவு நிரம்புவது பற்றிய தொன்மக் கதை ஒன்று உண்டு. 1972-இல் கலிபோர்னியாவின் சன்னிவேலில், ஆண்டி கேப்ஸ் டாவர்ன் என்ற மதுக்கடையில், அட்டாரி நிறுவனம் தன் முதல் பாங் விளையாட்டுப் பெட்டியை வைத்தது. சில நாளில் ஓடவில்லை என்று ஆள் வந்தது. அதை வடிவமைத்த ஆலன் அல்கார்ன் போய்த் திறந்தால், காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது. கர்த்தாவின் பெட்டியும் ஒருமுறை ஓடாமல் நின்றது. உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி, ஒரு சட்டைப் பித்தான், பாதி பிஸ்கட். வருவாய்க் கணக்கில் இவை எந்தப் பத்தியில் சேரும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மூன்று வயதுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் கர்த்தாவின் பக்கமும், மற்றவர் எதிர்ப்பக்கமும் நிற்கிறார்கள் (பிஸ்கட், பல்தடம், மேல்வரிசை).

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்த வேகத்தில் ஜப்பானில் நூறு யென் நாணயத்துக்கே பஞ்சம் வந்தது என்று படித்திருப்பீர்கள். நூலுக்கு நூல், கட்டுரைக்குக் கட்டுரை இதைச் சொல்லின. ஒவ்வொன்றும் முந்தையதை ஆதாரமாகக் காட்டியது. நாணயச் சாலையின் கணக்கைப் புரட்டிப் பார்க்கும் யோசனை யாருக்கோ தோன்றியபோதுதான் அது கட்டுக்கதை என்று தெரிந்தது. அந்த மேற்கோள்கள் சுற்றிய முறைக்கும் கர்த்தாவின் கால் டாலர் சுற்றும் முறைக்கும் வேறுபாடு என் கண்ணில் படவில்லை. கர்த்தாவிடமாவது ஒரு காசு இருந்தது.

மறுதலை

2018 முதல் முக்கால் அளவு ஆயத்தப் பெட்டிகள் சில நூறு டாலருக்குக் கடையில் கிடைக்கின்றன. கர்த்தாவிடம் இதைச் சொல்லாதீர்கள்.

ஒழிபியல்: கருவிகள்

ரௌட்டர், ஜிக்சா, டிரில், சால்டரிங் அயர்ன், கவ்விகள். எந்தப் பாடத்திலும் இவற்றுக்குத் தொகை இல்லை. ரசீதுப் பாடத்தில்கூட இல்லை, ஏனெனில் அந்த ரசீதுகள் வேறொரு டப்பாவில் இருக்கின்றன. கேட்டதற்குக் கர்த்தா சொன்ன விளக்கம்: ‘அவை இந்தப் பெட்டிக்காக வாங்கியவை அல்ல. ஆயுளுக்கும் உதவும்.’ ஏற்றுக்கொண்டேன்.

போன வாரம் கராஜில் இரண்டாவது பெட்டிக்குப் பலகை அறுபட்டுக்கொண்டிருந்தது. எஞ்சிய மரம் வீணாகக்கூடாதல்லவா. இதன் விலை என்ன என்றேன். ‘ஒன்றுமில்லை. மரம் முந்தின பெட்டிக் கணக்கில் போய்விட்டது’ என்றார். கருவிகள்? ‘அவைதான் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதே.’ அப்படியானால் கருவிகளை எந்தப் பெட்டிக்குத்தான் வாங்கினார் என்று கேட்டேன். ஜிக்சா ஓடும் சத்தத்தில் காதில் விழவில்லை என்று கையால் காட்டினார்.