பாதரசம் கரை தாண்டாது

கேள்வி: கழிவைக் கடலில் விட்டால் அலை அடித்துக்கொண்டு போய்விடாதா? கடல்தான் அவ்வளவு பெரியதாயிற்றே?

பதில்: தண்ணீர் போய்விடும், கழிவிலுள்ள பாதரசம் பெரும்பாலும் போகாது. சேற்றுத் துகளைப் பிடித்துக்கொண்டு கரையோரமே குடியேறிவிடும். அதிலும் கொடுமை, காற்றில்லாச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கி மீன்வழியே நம் தட்டுக்கு அனுப்பிவிடும். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலையே அந்த நஞ்சை நேராக விரிகுடாவில் விட்டது. அதனால் வந்த நோய் வெளிப்பட்டது 1956-ல். கழிவு நின்றது 1968-ல். பன்னிரண்டு ஆண்டுகள்! சேற்றை அள்ளி மூடும் வேலை 1977-ல் தொடங்கி 1990 வரை நீண்டது. விரிகுடாவில் 58 ஹெக்டேர் நிலமாகிப்போனது. உங்கள் ஊரில் ஆலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், நீர்ப் பரிசோதனையோடு நிற்காமல் அடிமண் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.