கடுகு கெடக்கு!

பல் எடுத்துக்கொண்ட என் மாமனார் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் சாப்பிட மாட்டார். அரிசி மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கிற வியாபாரி மாதிரி தட்டைப் பார்ப்பார். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறும். பிசைந்த சாதத்தை விரலால் பரத்துவார், மறுபடி கூட்டுவார், மறுபடி பரத்துவார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசியில் ஆள்காட்டி விரல் நுனியில் கறுப்பாக ஒன்றை ஒட்டி எடுத்து, டியூப்லைட்டைப் பார்த்து உயர்த்துவார்.

"ஏம்மா, கடுகு கெடக்கு."

பல் டாக்டர் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார். முதல் நாள் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, சூடாக எதுவும் ஆகாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து கட்டி நிற்கிறதே, அதுதான் உள்ளே இருக்கிற எலும்புக்கு மூடி. அது பெயர்ந்துவிட்டால் வலி உயிர் போகும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அத்தனையும் காற்றோடு போயிற்று. டாக்டர் கடித்துக்கொள்ளச் சொன்ன பஞ்சை ஆட்டோவிலேயே எடுத்துவிட்டு, டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். தாளின் கடைசி வரி ஒன்றுதான் மனசில் பதிந்தது: பொடி விதைகள் குழியில் போய்ச் சிக்கும், தவிர்க்கவும்.

அவர் சொல்வதில் தப்பே இல்லை. எரிச்சலே அதுதான்.

கடுகை நிறுத்தினேன். எண்ணெய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகைப் பெருங்காயம், அவ்வளவுதான் தாளிப்பு. இரண்டு வேளை நிம்மதியாகப் போயிற்று. பிறகு ரசத்தில் சீரகம் கண்டார். வடிகட்டிக் கொடுத்தேன். கூட்டில் தக்காளி விதை கண்டார். தக்காளியைப் பிழிந்து சாற்றை மட்டும் விட்டேன். கத்தரிக்காயை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரவில்லை. ஒருநாள் காலை பஞ்சு மாதிரி இட்லி அவித்து, அதன் மேல் நெய் ஊற்றி வைத்துவிட்டு, இதில் என்ன கண்டுபிடித்துவிட முடியும் என்று தைரியமாக அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இட்லிக்குமா கடுகு போட்ட?"

போய்ப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்து வீடு; எங்கள் வழக்கம் தொலி உளுந்துதான். எத்தனை தடவை களைந்தாலும் கறுப்பாக ஒன்றிரண்டு தொலி மாவோடு போகும். "உளுந்துத் தொலி, மாமா" என்றேன். நம்பவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். அது உருளவில்லை, நசுங்கியது. "ம்" என்றார். மன்னித்தார் என்று அர்த்தம் இல்லை. அதைத் தட்டோரத்தில் தனியாக வைத்தார். மத்தியானம் மகன் போனில் கூப்பிட்டபோது, "காலைல இட்லியில ஏதோ கெடந்துச்சு. உங்க வீட்டம்மா தொலிங்கா" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்.

மனுஷனுக்குப் பற்கள் 32. போனது ஒன்று. கீழ்வரிசையில் இடது கோடியில் இருந்த கடைவாய்ப் பல். மிச்சம் 31-உம் மெல்ல ஆயத்தமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு ஆள் ஓய்வு பெற்றதற்கு ஆபீசையே பூட்டிவிட்டார்.

கஞ்சி கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்தேன். "நான் என்ன சீக்காளியா?" என்று கேட்டார். பென்ஷன் விஷயமாகப் பேங்க் வரைக்கும் போய்விட்டு வாருங்கள் என்றால் மட்டும், "சீக்காளிய வெயில்ல அனுப்புதியேம்மா" என்பார். கஞ்சிக்கு நோயாளி இல்லை, பேங்குக்கு நோயாளி. நடுவில் இருக்கிற மெதுவான உலகம் முழுவதும் அவருக்குச் சொந்தம். கீரையா, மத்தால் மசித்தது போதாது, நார் இருக்கிறது, மிக்ஸி. ஆப்பமா, நடு மட்டும். ஓரத்தைப் பிய்த்து வேறு யாருக்காவது கொடு. அல்வாவுக்கு ஒரு நிபந்தனையும் கிடையாது. கோதுமைப்பால் அல்வாவுக்கு எந்தக் காலத்தில் பல் தேவைப்பட்டது என்று அவரே கேட்டு, அவரே கால் கிலோ வாங்கிவரச் சொன்னார்.

ஒருநாள் சொதி கேட்டார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு நாங்கள் போடுகிற விருந்தே அதுதான். தேங்காயை அரைத்து மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வேக வேண்டும். பாசிப்பருப்பைக் குழைத்துச் சேர்க்க வேண்டும். முதல் பாலைக் கடைசியில் விட்டுக் கொதிக்கும் முன்னால் இறக்க வேண்டும். இதை ஒரு ஆளுக்காகச் செய்து, முருங்கைக்காயை வழித்துச் சதையை மட்டும் போட்டு, பரிமாறிவிட்டு நின்றேன். தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. "இஞ்சிப் பச்சடிக்குக் கடுகு தாளிச்சியோ?" என்றார். இஞ்சிப் பச்சடியே வைக்கவில்லை. "அது இல்லாம என்ன சொதி!" என்றார்.

ஒரு வாரம் கழித்து வழக்கம்போலச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதற்கு நான் சாட்சி. ஈறு மூடிக்கொண்டபின்பும் உள்ளே எலும்பு வளர்ந்து நிரம்ப மாதக்கணக்கில் ஆகும் என்று, பேச்சோடு பேச்சாக அதே டாக்டர் சொன்னதற்கு அவர் சாட்சி. எங்கள் வீட்டில் இப்போது எலும்புக் கணக்குதான் செல்லுபடி.

வீட்டில் ஆச்சி ஒருத்தி இருக்கிறாள், இவரைப் பெற்றவள். வாயில் ஒற்றைப் பல் இல்லை. பல்செட் கட்டிக் கொடுத்தார்கள். அது கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கிறது. வெற்றிலை இடிக்கிற சின்ன உரல்தான் அவளுக்குப் பல். முறுக்கு, சீடை, வேர்க்கடலை எது வந்தாலும் அதில் போட்டு இடித்து, உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொள்வாள். ஒருநாள் ராத்திரி டொக் டொக் என்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஆச்சி கட்டிலில் இருந்து முறுக்கு இடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு மகன் கையை நீட்டிக்கொண்டிருந்தார். "வலக்கடவாயில ஒதுக்கிக்கோ, ஏலே" என்று சொல்லி ஒரு பிடி போட்டாள். பென்ஷன் வாங்குகிற பிள்ளை சொன்னபடி ஒதுக்கிக்கொண்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த முறுக்கில் எள் உண்டு. எள்ளும் பொடி விதைதான். டியூப்லைட் அணைந்தே இருந்தது.

இனி விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். இரண்டு சமையல் செய்ய என்னால் ஆகாது என்பதால் வீடு முழுக்கத் தாளிக்காத சாம்பாரைத்தான் தின்கிறது. பிள்ளைகள் டிபன் பாக்ஸைப் பாதியோடு திருப்பிக்கொண்டு வருகிறார்கள். காலையில் எழுந்ததும் மிக்ஸி, படுக்கப் போகும் முன்பு மிக்ஸி. ஜாரைக் கழுவிக் கழுவிக் கைவிரல் வெளுத்துவிட்டது. டாக்டர் கொடுத்த தாள் நோயாளிக்கு. அதை வாசிப்பது, சமைப்பது, வடிகட்டுவது, திட்டு வாங்குவது எல்லாம் நான். தட்டுக்குள் கடுகைத் தேடிப் பிடிக்கிற விரலுக்கு மிக்ஸி பொத்தானைத் திருக முடியாதா? ஒரு நாளாவது, ஒரு தடவையாவது?

போன வாரம் மறுபடி டாக்டரிடம் போனோம். குழி நன்றாக ஆறிவிட்டதாம். வலது பக்கக் கோடிப் பல்லும் ஆடுகிறது, அதையும் எடுத்துவிடலாம், என்றைக்கு வசதி என்று கேட்டார். மாமா கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் உண்டு, அது கழியட்டும். கார்த்திகைக்குப் பொரியுருண்டை, அதுவும் கழியட்டும்.

"மார்கழியில வச்சுக்கிடலாம். கோயில்ல தெனம் பொங்கல். நல்லாக் கொழைஞ்சிருக்கும்."

"பொங்கல்ல மிளகு கெடக்குமே, மாமா" என்றேன்.

"அத நீ பொறுக்கித் தந்திர மாட்டியா?" என்றார்.