கரடி அங்கராக்கு

வா அம்மிணி, உக்காரு. பையனைக் கூட்டிட்டு வருவீன்னு பாத்தா, கரடியத் தூக்கிட்டு வந்திருக்கியே! மொத்தமா ஒரு கம்பளித் துணி, தலமூடியில ரெண்டு காது, பின்னால ஒரு வாலு. இந்தப் பங்குனி வெயில்ல இதைப் போட்டா வேர்க்குரு வராம வேற என்ன வரும்? சரி, மூஞ்சியத் தூக்காதே. அதைக் கழட்டி அவனைக் காத்தாட உட்டுட்டு அப்புச்சி சொல்றதக் கேளு. வாத்தியார் வேலையில இருந்து வெளிய வந்தும் பாடம் நடத்தற சீக்கு இன்னும் போகலை.

புள்ளைக்கு மிருகத்தை மாட்டி உடறது ஒண்ணும் நீ கண்டுபுடிச்சதில்ல. சங்க காலத்துலயே புலிப்பல்லைக் கோத்துக் கழுத்துல கட்டியிருக்காங்க. சீனாக்காரன் கைக்கொழந்தைக்குப் புலித்தலைத் தொப்பியும் புலிமூஞ்சிச் செருப்பும் தெச்சுப் போடுவான். கெட்டது கிட்ட வராதாம். அன்னைக்கு அப்பங்காரன் பல்லு வேணும்னா புலிகிட்டயே போகோணும். இப்பப் போனா 1972ல போட்ட வனவிலங்குச் சட்டத்துல அவனைப் புடிச்சு உள்ள வெச்சுருவாங்க. அதனால புலி பனியன் துணிமேல ஏறிக்கிச்சு. நம்ம திருப்பூர்க் காதர்பேட்டைக்குப் போனா எக்ஸ்போர்ட் மிச்சத்துல புலி என்ன, டைனோசரே குமிச்சுக் கெடக்கும்.

ஆனா நீ பேய்க்குப் பயந்தா போட்டே? உம்பட சங்கதி வேற. அந்தச் சட்டையில இருக்கற கரடிய நல்லாப் பாரு. பெரிய தலை, அகண்ட நெத்தி, உருண்டைக் கண்ணு, உப்புன கன்னம், மூக்கு பேருக்கு ஒரு பொட்டு. அது கரடியா? உம்மவன்! லோரன்ஸ்னு ஒரு ஆஸ்திரியாக்காரரு 1943லயே எழுதி வெச்சுட்டாரு, இந்த மாதிரி மூஞ்சியப் பாத்தாப் பெரியவங்களுக்குத் தூக்கிக் கொஞ்சத் தோணும்னு. கரடிக்குக் கொழந்தை மூஞ்சிய வரைஞ்சு, அதைக் கொழந்தையப் பெத்தவகிட்டயே விக்கறாங்க. சத்தியமங்கலத்துக் காட்டுக் கரடிக்கு மூஞ்சி நீட்டம், மயிரு சடைசடையாத் தொங்கும், மனுசன் எதுக்க வந்தா மூஞ்சியத்தான் மொதல்ல கிழிக்கும். அதை அப்படியே வரைஞ்சு ஒரு சட்டை போடச் சொல்லேன், எத்தனை விக்குதுன்னு பாப்போம்.

டெடி கதையும் அப்படித்தான். 1902ல அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டு வேட்டைக்குப் போனாரு. கட்டிப்போட்ட கரடியச் சுடமாட்டேன்னுட்டாரு. ஒருத்தன் அதைப் படமாப் போட்டான், இன்னொருத்தன் பொம்மை செஞ்சு அவரோட செல்லப் பேரையே வெச்சுட்டான். அடிபட்டுக் கெடந்த அந்தக் கரடிய அப்பறம் அவரு சொல்லித்தான் கொன்னாங்க. அந்தப் பாதிக் கதைய எந்தப் பனியன்லயும் அச்சடிக்கறதில்ல.

பாண்டாவை நம்ம பக்கம் ஆராச்சும் பாத்திருக்கமா? பென்குயினை? அதுக ரெண்டும் ஊட்டுக்கு ஊடு கொடியில தொங்குது. கூப்புடு தூரத்துல நிக்கற காங்கேயம் மயிலைக்காளை பொங்கலுக்கு மட்டும் வந்துட்டுப் போகுது. எருமைக்கும் கழுதைக்கும் எடமே இல்ல. அதுகளைப் புள்ளைகளை வையறதுக்குன்னே ஒதுக்கி வெச்சுட்டோம். பன்னி மட்டும் இங்கிலீசு டீவியில நடிச்சுத் தப்பிச்சுக்கிச்சு. பெப்பா பன்னி போட்ட கவுனைக் காசு குடுத்து வாங்கி மாட்டறோம். அதே புள்ளைய ஒருத்தன் பன்னின்னு கூப்ட்டாச் சண்டைக்குப் போறோம்.

இப்ப நெசத்துக்கு வருவோம். போன விருந்துல உம்மவன் பந்தியில பூந்து ரசத்தைக் கவுத்தானல்லொ? கரடிச் சட்டையில இருந்தான். ஒறம்பரை அத்தனை பேரும் "அய்யோ, கரடிக்குட்டி!"ன்னு போன்ல படம் புடிச்சாங்க. வெறும் டவுசர்ல இருந்திருந்தா? "புள்ளைய என்ன லட்சணத்துல வளத்தியிருக்கா"ன்னு உன்னையல்லொ பேசியிருப்பாங்க! கடிச்சாப் புலி, கத்துனாச் சிங்கம், சோத்தைத் துப்புனாக் குரங்கு. எல்லாத்தையும் சட்டை மேல எழுதிக்கலாம். அந்தச் சட்டை அவனுக்கில்ல அம்மிணி, உனக்கு. நெம்பக் கெட்டிக்காரி நீ, நான் கொறை சொல்லலை.

அதனால தாராளமா வாங்கு. ஆனாப் பருத்தியில வாங்கு. தலமூடியில நாடா இருந்தா உருவிப் போட்டுரு. ஏழு வயசு வரைக்கும் அங்க நாடாவே கூடாதுன்னு ஐரோப்பாவுல விதியே இருக்கு, பனியன் கம்பெனியில வேலை பாக்கற உம்பட சித்தப்பனைக் கேளு. அடுத்தது பொம்பளப் புள்ளையாப் பொறந்தா முயலையும் பட்டாம்பூச்சியையுமே மாட்டாம, ஒரு புலியும் வாங்கிக் குடு. காட்டுலயும் பொம்பளப் புலிதான் வேட்டையாடிக் குட்டியக் காப்பாத்துது. விருந்துக்குப் போறப்பக் கரடி, மாமியார் வர்றன்னைக்குக் கட்டாயம் கரடி. ஊட்டுல சும்மா கெடக்கறப்பக் கோவணம் போதும். அவனே ஜிப்பைக் கழட்டக் கத்துக்கறதுக்குள்ள அனுபவிச்சுக்கோ.

ஆமா, எம்பட அளவுல ஒண்ணு கெடைக்குமா? 42. கரடி வேண்டாம், காங்கேயம் காளையே போதும், கொம்போட. சர்க்கரை, சர்க்கரைன்னு உங்கம்மா எனக்கு ஜிலேபியக் கண்ணுலயே காட்டறதில்ல. அடுத்த விருந்துல அதைப் போட்டுட்டு ரெண்டு எடுத்துத் தின்னா என்ன பண்றாளுன்னு பாக்கோணும்.