ஸ்டார் டிரெக் அடியார் பெருமை

தெய்வத்தை வணங்கும் அடியார்கள் உலகில் கோடானுகோடி. ஆனால், தாம் வணங்கும் தெய்வமே புதுக்கோலம் பூண்டு எழுந்தருளினால், அதை வாசலிலேயே மறித்து அடையாள அட்டை கேட்டுத் திருப்பியனுப்பும் பேராற்றல், ஸ்டார் டிரெக் ரசிகப் பெருமக்கள் ஒருவருக்கே வாய்த்த தனிப்பெரும் வரம். அன்னாரின் அருமை பெருமைகளை எடுத்தோத வாய்த்தது இந்த எழுதுகோல் செய்த தவம்.

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஸ்டார் டிரெக் தொடர் தொடங்கியது. ஜீன் ராடன்பெர்ரி படைத்த அந்த விண்கப்பலின் வேலையே, எவரும் காணாத உலகங்களைத் தேடிப் போவதும் முன்பின் அறியாதவரைக் கைகூப்பி வரவேற்பதும்தான். பனிப்போர்க் காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரும் ரஷ்யரும் கறுப்பினப் பெண்ணும் அதன் கட்டளை மேடையில் சரிசமமாக அமர்ந்தார்கள். அளவற்ற வேற்றுமைகள் அளவற்ற விதங்களில் கூடுவதே அழகு என்பது, தொடரின் வேற்றுக்கிரக நாயகர் ஸ்பாக் பிறந்த வல்கன் கிரகத்தின் வேதம். 1968-இல் திரையில் அருளப்பட்ட அந்த வேதத்தைப் பதக்கமாகவே வார்த்து விற்றார்கள். அடியார்களும் வாங்கி மார்பில் அணிந்தார்கள். மார்புக்கு வெளியே அணிந்ததை உள்ளே ஒரு விரற்கடை இறங்கவும் விடாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்துவரும் அவர்களது பக்குவத்தை எந்தப் புலவரால் பாடி முடியும்!

அதற்குச் சற்று முன்பு, 1967 இறுதியில் தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற சேதி வந்தபோது, பியோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும் திரட்டிய மடல் வெள்ளம் நிலையத்தையே திணறடித்து மூன்றாம் பருவத்தைப் பெற்றுத் தந்தது. உயிரைக் காத்தவருக்குக் கழுத்தை நெரிக்கவும் உரிமையுண்டு என்ற அரிய நீதி அன்றே நிலைநாட்டப்பட்டது.

அந்த உரிமையை அவர்கள் ஒருநாளும் துருப்பிடிக்க விட்டதில்லை. 1982-இல் வந்த இரண்டாம் ஸ்டார் டிரெக் திரைப்படத்தில் ஸ்பாக் இறக்கப்போகிறார் என்று முன்கூட்டியே கசிந்ததும், இயக்குநர் நிக்கோலஸ் மேயருக்கு மிரட்டல் மடல் எழுதித் தம் அன்பைத் தெரிவித்தார்கள். 1987-இல் புதிய குழுவுடன் அடுத்த தொடர் வந்தபோது, பழைய கப்பல் தலைவர் கிர்க் இல்லாத கப்பலில் வழுக்கைத் தலை ஆங்கிலேயருக்கு என்ன வேலை என்று சினந்தார்கள். அத்தொடர் தேறாது என்று சுற்றிலும் சொன்னதால், அந்த ஆங்கிலேயரான பேட்ரிக் ஸ்டூவர்ட் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் நாள் கடத்தினார். தொடரோ ஏழு பருவம் ஓடியது. பின்னாளில் அந்த வழுக்கைத் தலையரே மூலவர் ஆனார். அடுத்து வருபவரை அடிக்க அவர் பெயரே பிரம்பாயிற்று. நேற்று தூற்றியதை இன்று வேதமாக்கி, அந்த வேதத்தைக் கொண்டே நாளை வருவதைத் தூற்றும் இந்த மாறாத ஒழுக்கத்தை வேறு எந்த நெறியில் காண்போம்?

இவர்களது ஞானம் முழுநிலவாய்ப் பொலிந்தது 2009-இல். ஜே.ஜே. ஆப்ரம்ஸ் பழைய பாத்திரங்களுக்கு இளைய நடிகர்களை அமர்த்திக் கதையை முதலிலிருந்து தொடங்கினார். வருங்காலத்திலிருந்து வந்த பகைவன் ஒருவனால் வரலாறு இரண்டாகக் கிளைக்கிறது. பழைய கதைகள் ஓர் எழுத்தும் அழியாமல் தம் காலக்கோட்டில் பத்திரமாக இருக்கின்றன. லெனார்ட் நிமாயே முதிய ஸ்பாக்காக வந்து ஆசி வழங்கினார். இவற்றுக்கெல்லாம் மனம் இளகிவிடும் எளியவர்களா நம் அடியார்கள்?

படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கிர்க்கின் தந்தை பன்னிரண்டே நிமிடம் கப்பல் தலைவராக இருக்கிறார். மற்றவர்கள் தப்பிப் போக, தாம் மட்டும் கப்பலைப் பகைவன்மீது செலுத்துகிறார். தப்பியோடும் ஓடத்தில் மனைவிக்குப் பிரசவம். கருவியின் வழியே பிள்ளையின் அழுகுரல் கேட்கிறது. இருவரும் பெயர் பேசி முடித்த சற்றைக்கெல்லாம் கப்பல் மோதுகிறது. அரங்கில் பாமரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தக் கணத்தில், மெய்யன்பர்கள் மட்டும் கலங்காத சித்தத்துடன் கேட்டார்கள்: “கிர்க் அயோவாவில் அல்லவா பிறந்திருக்க வேண்டும்?” எந்திர அறைக் காட்சிகள் வான் நைஸ் பகுதியின் பீர் ஆலையில் படமானதையும் கண்டு வெகுண்டார்கள். மூலத் தொடரில் மருத்துவர் மெக்காய் உப்புக்குடுவையை மாற்றியமைத்து அறுவைக் கருவியாக ஏந்தியது மட்டும் அவர்களுக்கு என்றும் தெய்வீக அறிவியல்.

2013-இன் ‘ஸ்டார் டிரெக் இன்டு டார்க்னஸ்’ இன்னும் பெரிய திருவிழா. படம் வெளிவருமுன்பே, ஆங்கிலத் தலைப்பின் நடுவே வரும் ‘இன்டு’வுக்கு முதலெழுத்து பெரியதா சிறியதா என்று விக்கிப்பீடியாவில் 40,000 சொற்களுக்கும் மேல் வாதிட்டுத் தீர்த்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் லாஸ் வேகஸில் கூடிய மாநாட்டில் படங்களை வரிசைப்படுத்தினார்கள். மிரட்டல் மடலால் வரவேற்கப்பட்ட 1982 படம் முதலிடம். புதிய படம் கடைசி. நடுவில் ‘கேலக்ஸி குவெஸ்ட்’ என்ற 1999 படத்துக்கு ஏழாமிடம். அது ஸ்டார் டிரெக் படமே அல்ல. இவர்களையும் இவர்கள் நடிகர்களையும் கேலி செய்து எடுத்த படம். தம்மை நகைத்த படத்தை, தம்மை மகிழ்விக்க முயன்ற படத்துக்கு மேலே ஏற்றிவைத்த பெருந்தன்மையை வரலாறு மறக்காது.

மூலத் தொடரின் கறுப்பினப் பெண் உஹுராவாக நடித்த நிச்செல் நிக்கோல்ஸ் விலக எண்ணியபோது, மார்ட்டின் லூதர் கிங்கே வேண்டி நிறுத்திய வரலாற்றை அடியார்கள் கண்ணீர் மல்கச் சொல்வார்கள். 2017-இல் ‘டிஸ்கவரி’ என்ற புதிய தொடரின் டிரெய்லரில் சோனிகுவா மார்ட்டின்-கிரீன் என்ற கறுப்பின நடிகை நாயகியாகவும் மிஷெல் யோ கப்பல் தலைவியாகவும் தோன்றியதும், அதே திருக்கூட்டத்தில் ஒரு சாரார் வெள்ளையருக்கு இடமில்லையா என்று ஓலமிட்டார்கள். தொடரின் ஒரு நொடிக் காட்சியும் ஒளிபரப்பாகுமுன் தீர்ப்பு வழங்கிய வேகம் ஒளியின் வேகத்தையும் மிஞ்சியது. பச்சைக்குருதி வல்கனையும் நெற்றி புடைத்த கிளிங்கனையும் உறவென்று தழுவியவர்கள், தம் தெருவிலேயே காணக்கூடிய ஒரு முகத்தை மட்டும் வேற்றுக்கிரகமாகக் கண்ட நுண்பார்வை அல்லவா அது!

ஆகவே வாசகப் பெருமக்களே, ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பிள்ளை முதன்முதலாக ஒரு விண்கப்பல் கதையின்முன் கண் விரிய உட்கார்ந்தால், அந்த வியப்பு முற்றுவதற்குள் இப்பெரியோரில் ஒருவரை அழைத்துவந்து பக்கத்தில் அமர்த்திவிடுங்கள். கிர்க் பிறந்த ஊர், எந்திர அறையின் குழாய், கிளிங்கனின் நெற்றி மடிப்பு எல்லாவற்றையும் அவர் கற்றுத் தருவார். பிள்ளை அதன்பின் தன் ஆயுளில் எதைக் கண்டும் வியக்காது.