ஜி.ஓ. சார்

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருக்கும் ஜி.ஓ. சார் மளிகைச் சீட்டு எழுதினாலும் மேலே 'பார்வை' போடுவார். 'பார்வை: 1. இல்லத்தரசியின் வாய்மொழி அறிவுறுத்தல், நேற்றிரவு. 2. காலியான துவரம்பருப்பு டப்பா.' அடியில், 'மேற்காண் பொருள்களை உடன் வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' கடைப் பையன் ஒருநாள் சீட்டோடு படியேறி வந்து, "பருப்போட உடன் என்ன சார் குடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கீழே தபால் பெட்டியில் பாதி உரிந்து தொங்குகிறது. முப்பத்துநாலு வருஷம் ஓர் அரசு அலுவலகத்தில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். சிலிண்டர் போடுகிறவர்கூட 'ஜி.ஓ. சார் வீடு' என்றுதான் கேட்டு வருகிறார். இப்படி ஒருவர் இல்லாத தெருவை நான் பார்த்ததில்லை. மேற்கு மாம்பலத்தில் இருப்பார், பாளையங்கோட்டையில் இருப்பார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும், சட்டைப் பையில் மை தீர்ந்த பேனா ஒன்று விசுவாசமாகக் குத்தியிருக்கும், கையில் போன். அந்தப் போனில் ஏதாவது ஆட்டம் ஓடும், இல்லையென்றால் ஏதாவது ஜி.ஓ.வின், அதாவது அரசாணையின், பி.டி.எஃப். திறந்திருக்கும். இரண்டுக்கும் முகம் ஒரே மாதிரிதான் சுருங்கும்.

எங்கள் சாருக்கு நாள் தொடங்குவது நள்ளிரவில். வேர்டில் என்று ஓர் ஆட்டம். ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைவிக்காகச் செய்தது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. எழுத்து சரி, இடமும் சரி என்றால் பச்சை. எழுத்து உண்டு, இடம் தப்பு என்றால் மஞ்சள். நாளுக்கு ஒரே வார்த்தை, பன்னிரண்டு மணிக்குப் புதுசு வரும். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷத்துக்குள் அவர் வீட்டு ஹால் விளக்கு எரியும்.

அவர் தினமும் முதலில் போடும் வார்த்தை 'ஆர்டர்'. நான் ஒருநாள் சொன்னேன்: "சார், அதுல ஆர் ரெண்டு தடவை வருது. ஒரு கட்டம் வீண். வேற வார்த்தையில ஆரம்பிக்கலாமே?"

"முதல்ல ஆர்டர் போடணும்பா. அப்புறம்தான் என்ன நடக்குதுன்னு பார்க்கணும். அதுதான் முறை."

செஸ்ஸும் உண்டு. ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று கடிகாரம் வைத்த ஆட்டம். எதிரே எந்த நாட்டுப் பொடியனோ பொடிசோ, கொடி மட்டும்தான் தெரியும். சார் காய் வெட்டுப்பட்டுத் தோற்றதை நான் பார்த்ததே இல்லை. நேரம் முடிந்துதான் தோற்பார். குதிரையை நகர்த்தலாமா என்று இவருக்குள் கீழிருந்து மேலே குறிப்பு போய், அங்கே ஒப்பமாகித் திரும்பி வருவதற்குள் கடிகாரம் சிவந்துவிடும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆன அன்று குடியிருப்பே இனிப்பு கொடுத்தது. சார் லட்டைப் பிட்டபடி, "பதினெட்டு வயசுல உலக சாம்பியன். எங்க ஆபீஸ்ல பதினெட்டு வருஷம் சர்வீஸ் ஆனாத்தான் நாற்காலிக்குக் கைப்பிடி குடுப்பான்" என்றார்.

இதெல்லாம் பொழுதுபோக்கு. அவருடைய உண்மையான விளையாட்டு வேறு. ஒருநாள் மொட்டை மாடியில் நடக்கும்போது அதன் விதியை எனக்குச் சொன்னார்: "குறுக்கெழுத்துல கேள்வி இருக்கும், விடையை நீ கண்டுபிடிக்கணும். அரசாங்கத்துல விடை முதல்லயே வந்துரும். கேள்வி என்னங்கிறதை நீ கண்டுபிடிக்கணும். முடிவு தப்புன்னு சொல்றவன் எல்லாம் கேள்வி தெரியாத பய."

2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்கு வந்த விடைக்கு அவர் இன்னும் கேள்வி தேடிக்கொண்டிருக்கிறார். 500, 1000 நோட்டு செல்லாது என்றார்கள். பெரிய நோட்டுதான் பதுக்க வசதி என்றார்கள். சரி. அந்த வாரமே அதைவிடப் பெரிதாக 2000 ரூபாய் நோட்டு கைக்கு வந்தது. பணம்தான் பெரிசு, காகிதம் பழைய ஆயிரத்தைவிடச் சின்னது, ஏ.டி.எம். இயந்திரத்தின் தட்டில் உட்காரவில்லை. நாடு முழுக்க ஒவ்வொரு இயந்திரமாகத் திறந்து தட்டைச் சரிசெய்தார்கள். சார் நான்காயிரம் மாற்ற வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை, "ஓட்டு போட்டீங்களா தாத்தா?" என்று கேட்டது. "ஏற்கெனவே போட்டதுக்கும்மா" என்றார்.

புது நோட்டுக்குள் சிப் இருக்கிறது என்ற புரளியை அவர் நம்பவில்லை. ஆனாலும் பூதக்கண்ணாடி வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தார். ஒட்டியிருந்தது வெங்காயச் சருகு. 2018இல் ரிசர்வ் வங்கி, ஒழித்த நோட்டில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டது என்று கணக்குச் சொன்னது. 2023 மே 19 அன்று அந்த 2000 நோட்டையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சாருக்கு அன்றைக்கு ஒரே பரவசம். "ஏழு வருஷம் கழிச்சு ஒரு மஞ்சள் கட்டம் விழுந்திருக்குப்பா!" அந்தப் பரவசத்தில், அரிசிப் பானையின் அடியில் இரண்டு 2000 நோட்டு இருப்பதை அவரிடம் அதுவரை சொல்லாத வீட்டம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி வீட்டில் வேறொரு கேள்வி எழுந்தது. அதற்கு விடை வரவில்லை.

ஊர்ப்பெயர் விஷயம் அவர் வாழ்நாளின் உச்சம். 2020 ஜூன். ஊரடங்கு நேரம், பக்கத்து மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். அந்தச் சமயத்தில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டது. நோக்கத்தில் பழுது சொல்லமாட்டேன். தமிழில் எப்படிச் சொல்கிறோமோ ஆங்கிலத்திலும் அப்படியே எழுதலாம் என்பதுதானே? தூத்துக்குடியை வெள்ளைக்காரன் நாக்கு படுத்திய பாட்டை நினைத்தால் எனக்கே கோபம் வரும். ஆனால் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தபோது வேலூர் 'வீலூர்' என்று படிக்கும்படி உட்கார்ந்திருந்தது.

சார் மாடியில் ஒரு ஸ்டூல் போட்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, வெள்ளைத்தாளில் கட்டம் போட்டார். "கோயம்புத்தூர் பார். இத்தனை காலம் பத்தெழுத்து. இப்ப எண்ணு... பதினாலு. நாலு எழுத்து லாபம். அதுல எச் மட்டும் ரெண்டு. வேலூர் அப்படியில்ல. முன்னாடியும் ஏழு, இப்பவும் ஏழு. ஒரு எல்-லைப் பிடுங்கிட்டு ஒரு இ, கடைசி இ-யைப் பிடுங்கிட்டு ஒரு ஓ. செலவில்லாத திருத்தம்! இதைப் போட்டவன் குறுக்கெழுத்து ஆடுறவன்தான், சந்தேகமே இல்ல."

"அதுசரி சார், இதுக்குக் கேள்வி என்ன?"

ரொம்ப நேரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும் எந்த ஊருக்கும் போக முடியாது. போக முடியாத ஊருக்கு ஸ்பெல்லிங் பார்க்க இதைவிட நல்ல சமயம் ஏது?"

ஊரெல்லாம் கேலி பேசி, ஜூன் 18 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது. சார் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். வாபஸான ஆணைகளுக்கென்று அவரிடம் தனியாக ஒரு கோப்பே உண்டு. முனையில் துளை போட்டு, நூல்கோத்து, பக்க எண் இட்டது.

பரோட்டா விவகாரத்தில் நான் சாட்சி. பரோட்டாவும் ரொட்டியும் ஒன்றல்ல, ரொட்டிக்கு 5 சதவீதம் என்றால் பாக்கெட்டில் வரும் பரோட்டாவுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று கர்நாடகத்தில் முன்கூட்டித் தீர்ப்பு சொல்லும் அமைப்பு ஒன்று 2020இல் சொல்லியிருந்தது. காரணம்? ரொட்டியை அப்படியே தின்னலாமாம், பரோட்டாவைச் சூடுபண்ண வேண்டுமாம். அதைச் சரிபார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு முக்குக் கடைக்குப் போனார். மாஸ்டர் கல்லிலிருந்து எடுத்த பரோட்டாக்களை அடுக்கி, இரண்டு பக்கமும் கையால் அறைந்து உதிர்த்துக்கொண்டிருந்தார். சார் எட்டிப் பார்த்து, "இது உட்கார்ந்து சாப்பிட்டா அஞ்சு. இதையே ஒரு கம்பெனிக்காரன் பையில போட்டு ஒட்டிட்டா பதினெட்டு. அப்ப வரி பரோட்டாவுக்கா, பைக்கா, அடுப்புக்கா?" என்றார். மாஸ்டர் ஒரு அறை கூடுதலாக விட்டார். "சார், ரெண்டு பரோட்டாவுக்கு மேல கேள்வி கேட்டா சால்னா கிடையாது."

2025 செப்டம்பரில் ரொட்டி, பரோட்டா எல்லாவற்றுக்கும் வரியே இல்லை என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. சார் மாஸ்டரிடம் போய், "ஜெயிச்சுட்டோம்" என்று கை கொடுத்தார். மாஸ்டர் கையில் எண்ணெய். இருந்தாலும் கொடுத்தார். என்னத்தை ஜெயித்தோம் என்று அவர் கேட்கவில்லை. கடையில் பரோட்டா விலை அன்றும் அதே பதினைந்து ரூபாய்.

அதே கூட்டத்தில் நடந்த இன்னொன்றை மாஸ்டரிடம் சொல்லாமல் எனக்காக வைத்திருந்தார். ஆன்லைன் ரம்மி. எத்தனையோ குடும்பத்தை நடுத்தெருவில் விட்ட சமாச்சாரம் என்பதால் அதைப் பேசும்போது மட்டும் சார் குரலில் கிண்டல் குறைந்துவிடும். தமிழ்நாடு தடைச்சட்டம் போட்டது, நீதிமன்றம் ரத்து செய்தது, மறுபடி சட்டம் வந்தது. ரம்மி திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. பிறகு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று ஒரு விதி. ("நல்லவேளை, வேர்டிலுக்குப் பணம் கிடையாது" என்று வீட்டம்மாவிடம் சமாதானம் சொல்லியிருக்கிறார்.) கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை மொத்தமாகத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. அடுத்த மாதம், அந்த ஆட்டங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 ஆனது.

"சார், ஆகஸ்ட்ல தடை. செப்டம்பர்ல வரி கூடுது. இல்லாத ஆட்டத்துக்கு யாரு கட்டுறது?"

"லீவுல போன ஆளோட நாற்காலியைத் தூக்கிப் போட்டுருவியா? துடைச்சு வச்சிருக்காங்க."

இத்தனை தீர்க்கமாகப் பேசுகிறவருக்கு எங்கே கிடைத்தது இந்த ஞானம் என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. ஒரு மழைநாளில் அவரே சொன்னார். பணியில் இருந்தபோது, அலுவலகம் முடிந்த பிறகும் மின்விசிறிகள் சுற்றுகின்றன என்று மேலிடம் கடிந்துகொண்டது. சுற்றறிக்கை எழுதும் வேலை இவர் தலையில் விழுந்தது. 'கடைசியாகச் செல்பவர் விசிறியை நிறுத்த வேண்டும்' என்று எழுதினார். அப்புறம் பார்த்தார், வாக்கியம் ரொம்ப மொட்டையாக இருந்தது. 'கடைசியாகச் செல்பவர்' என்பதை அடித்துவிட்டு 'உரிய அலுவலர்' என்று திருத்தினார்.

"அவ்வளவுதாம்பா. உரிய அலுவலர் யாருன்னு தெளிவுரை கேட்டு நாலு பிரிவுலேருந்து கடிதம் வந்தது. அதுவரைக்கும் மறந்தாவது எவனாவது நிறுத்துவான். அன்னியிலேருந்து பயந்து ஒருத்தனும் சுவிட்சுல கை வைக்கல. நான் ரிட்டயர் ஆகிற அன்னிக்கு ராத்திரியும் சுத்திக்கிட்டுதான் இருந்தது."

"அதுக்குக் கேள்வி என்ன சார்?"

"அதான் சொல்றேனே. கேள்வியே இல்ல. வாக்கியம் அழகா இருக்கணும்னு பார்த்தேன்." மழைச் சாரலில் போனைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டனுப்பினார். வருஷத்துக்கு ஒரு தடவை பென்ஷன்காரர் தாம் உயிரோடு இருப்பதைச் சான்றோடு மெய்ப்பிக்க வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே செய்யலாம். சார் வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி இட்டு, சோபாவில் நேராக உட்கார்ந்திருந்தார். முதலில் கைரேகைக் கருவி. கட்டைவிரலை வைத்தார். பொருந்தவில்லை என்றது. எச்சில் தொட்டு முப்பத்துநாலு வருஷம் கோப்பு புரட்டிய விரல், ரேகை எங்கே இருக்கும்? அடுத்து, முகத்தைக் காட்டி அடையாளம் காணும் செயலி. வட்டத்துக்குள் முகம் வந்தது. 'கண் சிமிட்டவும்' என்றது.

சார் சிமிட்டவில்லை. முறைத்தார். செயலி காத்திருந்து பார்த்துவிட்டுக் கைவிட்டது.

"சிமிட்டுங்க சார். போட்டோ இல்ல, ஆள்தான்னு தெரியணும்ல."

"ஒரு கண்காணிப்பாளர் கண்ணைச் சிமிட்டுறதாவது!"

சமையலறையிலிருந்து குரல் வந்தது: "எனக்குத்தான் நாப்பது வருஷத்துல ஒரு நாள் சிமிட்டினதில்ல. கவர்ன்மென்டுக்காவது சிமிட்டுங்க."

சார் காது சிவந்தது. மூன்றாவது தடவை வட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுபோய், யாரும் பார்க்காத மாதிரி, ஒரே ஒரு தரம் சிமிட்டினார். பச்சை விழுந்தது.

நான் காப்பி குடித்துவிட்டுப் படியிறங்குவதற்குள் குடியிருப்பு வாட்ஸ்அப்பில் அவர் செய்தி வந்திருந்தது. முதல் வரியில் ஐந்து கறுப்புக் கட்டம். இரண்டாவதில் ஐந்து மஞ்சள். மூன்றாவதில் ஐந்தும் பச்சை. அதன் கீழே '3/6'. வேறு ஒரு வார்த்தை இல்லை.

முதல் மாடிக்காரர் அடுத்த நிமிஷமே பதில் போட்டார்: "சூப்பர் சார்! வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க, நான் இன்னும் போடல."