தோற்காதவர்களுக்குத் தகுதி போதாது

பொறியியல் கவுன்சலிங்கில் அரை மார்க்கில் கிண்டி கைவிட்டுப் போனதை இன்றைக்கும் சொல்லிப் பொருமுகிற நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. மார்க் என்றால் மார்க்தான், அதற்குமேல் ஒருத்தன் பேச்சும் எடுபடக்கூடாது என்பது அவனுடைய மதம். அந்த மதத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு, அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணி. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற டஸ்கலூசாவில் எம்.எஸ். படிக்கப் போனான். வெளிநாட்டு மாணவனுக்கான கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினான். பதிலுக்கு அவர்கள் ஒரு பட்டமும் ஒரு சிவப்புச் சட்டையும் கொடுத்தார்கள். பட்டம் பெட்டிக்குள் கிடக்கிறது, சட்டையை இன்னும் கழற்றவில்லை.

அந்த அணியை வைத்து எங்களுக்குள் நடக்கும் சண்டை 2023 டிசம்பர் 3-ஆம் தேதி முற்றியது. அன்றுதான் பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு, டெக்சஸ் மாநிலத்தின் கிரேப்வைனில் ஒரு சொகுசு ஓட்டலில் உட்கார்ந்து, சாம்பியன் பட்டத்துக்கான பிளேஆஃப்பில் மோதத் தகுதியான நான்கு கல்லூரி அணிகளை அறிவித்தது. ஆம், ஓட்டலில்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளுகிற என்சிஏஏ அமைப்பு வாள்வீச்சுக்கு சாம்பியன்ஷிப் நடத்துகிறது, துப்பாக்கி சுடுதலுக்கு நடத்துகிறது, பௌலிங்குக்குக்கூட நடத்துகிறது. கோடிகளில் பணம் புரளும் உயர்மட்ட ஃபுட்பாலுக்கு மட்டும் அது இதுவரை சாம்பியன் பட்டம் கொடுத்ததே இல்லை. 1936 முதல் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டுப் பார்த்தார்கள். 1998-இல் கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொண்டார்கள். 2014 முதல் ஓட்டல் அறை.

ஃபுளோரிடா ஸ்டேட் அணி அந்த ஆண்டு 13 ஆட்டம் ஆடி 13-லும் ஜெயித்திருந்தது. தன் பிரிவான ஏசிசி-யின் பட்டமும் அதன் கையில். அலபாமா 13 ஆடி 12 ஜெயித்தது. தோற்ற ஒன்றும் சொந்த மைதானத்தில், டெக்சஸிடம் 34-24. அலபாமா உள்ளே, ஃபுளோரிடா ஸ்டேட் வெளியே. இந்த நான்கு அணி பிளேஆஃப் முறை வந்தபின், பெரிய பிரிவு ஒன்றின் சாம்பியனாகி, ஒரு தோல்வியும் காணாமல் வெளியே நிறுத்தப்பட்ட முதல் அணி அது. காரணம் என்ன தெரியுமா? அதன் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்கு நவம்பரில் கால் உடைந்துவிட்டது. டிராவிஸ் இல்லாத அணி வேறு அணியாம். அந்த 'வேறு அணி' அதற்குப் பிறகும் ஃபுளோரிடாவை ஜெயித்தது. மாற்று ஆட்டக்காரருக்கும் அடிபட்டு, மூன்றாவது ஆளாக ஒரு முதலாண்டு மாணவனை இறக்கி லூயிவில்லையும் ஜெயித்தது. குழுவின் கணக்கில் இதெல்லாம் வரவில்லை. நடந்து முடிந்த ஆட்டங்களைத் தள்ளிவைத்துவிட்டு, நடக்காத ஆட்டத்தில் யார் தோற்பார்கள் என்று ஓட்டலில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். கிளி ஜோசியக்காரனாவது கிளியைக் கூண்டுக்கு வெளியே விட்டுச் சீட்டெடுக்கச் சொல்வான்.

"ஜெயிச்சவனெல்லாம் நல்ல டீம் இல்லடா. நல்ல டீம் வேற, ஜெயிக்கிற டீம் வேற" என்றான் நண்பன். அரை மார்க்குக்காக இருபது வருடமாக அழுகிற வாய் பேசிய பேச்சு இது. "எங்க டீம் ஆடுற எஸ்இசி-ல ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியுமாடா அவனுங்களால?" ஃபுளோரிடா ஸ்டேட் அந்த ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே எஸ்இசி அணியான எல்எஸ்யு-வை 45-24 என்று அடித்திருந்தது. சொன்னேன். அது எல்எஸ்யு-வுக்குக் கெட்ட நாளாம். அலபாமா டெக்சஸிடம் தோற்றது? அது அனுபவமாம். கடைசி வாய்ப்பில் 31 யார்டு தேவை என்ற நிலையில், ஒரே ஒரு வீச்சால் ஆபர்னிடமிருந்து அலபாமா தப்பியதே? அது குணநலனாம். ஒரே பொருளை வாங்கும்போது ஒரு தராசு, விற்கும்போது ஒரு தராசு.

அவனுடைய துருப்புச்சீட்டு டிசம்பர் 30-இல் வந்தது. அந்த ஆண்டு பட்டத்தோடு சம்பந்தமில்லாத ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஜார்ஜியா 63, ஃபுளோரிடா ஸ்டேட் 3. நள்ளிரவில் ஸ்கோரை அனுப்பி, கீழே சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டான். பட்டத்துக்கு வழியில்லை என்று ஆனபின் அணியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஆட்டத்தில் இறங்கவே இல்லை. தூக்கிலிட்ட பிறகு, இவன் மூச்சு விடவில்லை பார், நாங்கள் சொன்னது சரிதானே என்கிற நீதி இது. அவனுடைய தகுதியான அலபாமா ஜனவரி முதல் தேதி மிச்சிகனிடம் தோற்று வீட்டுக்குப் போனதற்கு எந்தப் பொம்மையும் வரவில்லை.

தகுதி என்ற சரக்கை அலபாமா எப்படித் தயாரிக்கிறது என்பதற்கு இன்னும் நல்ல சான்று 1941. அந்த ஆண்டு அந்த அணி 9 வெற்றி, 2 தோல்வி. சொந்தப் பிரிவையே ஜெயிக்கவில்லை. பத்திரிகையாளர் தரவரிசையில் 20-ஆவது இடம். ஆனாலும் பல்கலைக்கழகம் பெருமையோடு அச்சிடுகிற 18 தேசியப் பட்டங்களில் 1941-ம் ஒன்று. அப்போதைய தரவரிசைக் கணக்கு ஒன்று அலபாமாவை முதலில் வைத்திருந்ததாம், பல பத்தாண்டுகள் கழித்துத் தேடி எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். இருபதாவது ரேங்க் வாங்கிய பிள்ளைக்கு அரை நூற்றாண்டு கழித்து முதல் பரிசு. அரை மார்க் நண்பனிடம் இதைக் கேட்டால், "அதெல்லாம் பாரம்பரியம்டா" என்கிறான்.

அதே வாயால் 2017-இன் சென்ட்ரல் ஃபுளோரிடா அணியைக் கேலி செய்தான். அவர்களும் 13-க்கு 13. அந்த ஆண்டு அலபாமாவையும் ஜார்ஜியாவையும் வீழ்த்தியிருந்த ஆபர்னை, கடைசி ஆட்டத்தில் சென்ட்ரல் ஃபுளோரிடா 34-27 என்று வீழ்த்தியது. பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் மோதியது யார்? அலபாமாவும் ஜார்ஜியாவும்தான். சின்னப் பிரிவில் ஆடியவர்களுக்கு அந்த ஆண்டு அந்த வாசல் திறக்கவில்லை. அவர்களும் சளைக்காமல் தங்களைத் தாங்களே சாம்பியன் என்று அறிவித்து, டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் போய், மைதானத்தில் பேனர் கட்டினார்கள். சிரிப்புத்தான். ஆனால் 1941-ஐவிட அந்த பேனரில் உண்மை அதிகம்.

இந்தச் சண்டையில் எனக்குக் கோபம் நண்பன்மீது இல்லை. அவன் வெறும் ரசிகன். வாரக்கடைசியில் நான்கு மணி நேரம் கத்திவிட்டுத் தூங்குவான். அந்தக் கத்தலை விற்றுத் தின்கிறவர்கள்தான் என் இலக்கு. எந்த அணி உள்ளே, எந்த அணி வெளியே என்று வாராவாரம் செவ்வாய்க்கிழமை தரவரிசை அறிவிக்கும் நிகழ்ச்சியே ஈஎஸ்பிஎன்-இன் சரக்கு. அந்தச் சானல் இந்த பிளேஆஃப் ஒளிபரப்புக்கு ஆறு ஆண்டுகளுக்குத் தரவிருப்பது 780 கோடி டாலர் என்று செய்தி வந்தது. நியாயமாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் செவ்வாய்க்கிழமை யார் டிவி பார்ப்பார்கள்? பயிற்சியாளர்கள் கதை இன்னும் அழகு. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியது. சும்மா வீட்டில் இருப்பதற்கு அவருக்குச் சேரவேண்டியது 7.5 கோடி டாலருக்கு மேல். கல்லூரியில் சரியாகப் பாடம் நடத்தாத பேராசிரியருக்கு இப்படி ஒரு தண்டனை கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அரசியல்வாதிகளும் சும்மா இருக்கவில்லை. ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ், ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு நடந்த அநீதியை எதிர்த்து வழக்காட அரசு பட்ஜெட்டில் 10 லட்சம் டாலர் ஒதுக்க முன்மொழிந்தார். மக்கள் வரிப்பணத்துக்கு இதைவிட அவசரத் தேவை மாநிலத்தில் இல்லைபோலும்.

இத்தனை பேரும் பேசியது ஒரு இளைஞனின் காலைப் பற்றி. தன் கால் சீசனின் தொடக்கத்திலேயே உடைந்திருந்தால், தான் இல்லாமலும் அணி எவ்வளவு நன்றாக ஆடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்குமே என்று டிராவிஸ் எழுதினார். 'நான் இன்னும் முன்னாடியே உடைந்திருக்கக்கூடாதா' என்று ஒரு ஆட்டக்காரரைச் சொல்லவைத்த அமைப்புக்கு வெட்கம் இருக்கிறதா? ஒரு காலுக்கு ஒரு பட்டத்தின் விலை போட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் கால் யாருக்காக உழைத்தது என்று கேட்டால் மட்டும், அது படிக்க வந்த பிள்ளையின் கால் என்பார்கள்.

இது பழைய தந்திரம். 1955-இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்கு ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி ஃபுட்பால் வியாபாரத்தில் இல்லை என்று 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. ஆடுகிறவர்களை எந்நேரமும் 'மாணவ வீரர்' என்றே அழைக்கவேண்டும் என்று வகுத்துக்கொடுத்தது இப்படிப்பட்ட இழப்பீட்டுப் பயம்தான் என்பதை என்சிஏஏ-வை நீண்டகாலம் ஆண்ட வால்டர் பையர்ஸே, ஓய்வு பெற்ற பிறகு எழுதிய புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். டஸ்கலூசாவில் ஒரு லட்சம் பேர் காசு கொடுத்து உட்காரும் மைதானம் இருக்கிறது. வாசலில் நிக் சேபனின் வெண்கலச் சிலை நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்கிய பயிற்சியாளர் அவர். வியாபாரம் இல்லையாம்.

2024-இல் பிளேஆஃப் பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. அலபாமா 9 வெற்றி, 3 தோல்வி. வாண்டர்பில்ட்டிடம்கூடத் தோற்றிருந்தது. இந்த முறை வெளியே நின்றது அலபாமா. "அநியாயம்டா மச்சான், இந்தக் கமிட்டியையே கலைக்கணும்" என்று நண்பன் போன் செய்தான். ஒரு மணி நேரம் பேசினான். அதில் ஒரு நிமிடம்கூட ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு ஒதுக்கவில்லை.

'மாணவ வீரர்' விஷயத்துக்கு வந்தால், 2025 ஜூனில் நீதிமன்றம் ஒரு உடன்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. கல்லூரிகள் இனி ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம், முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். ஊழியர் அந்தஸ்து மட்டும் அந்த உடன்பாட்டில் இல்லை.